நீண்ட சொற்களைப் பிரித்துப் படிப்போம்

இந்த நாட்டுக்கு வந்து சேரும் எங்கள் ஆட்களை முதலில் பயமுறுத்துவது குளிர் என்று பலர் சொல்வார்கள். குளிருக்கு ஒரு மேலங்கி வாங்கினால் போதும். ஆனால் வாசற்கதவின் துளை வழியாக விழும் மண்ணிற உறைக் கடிதத்துக்கு எந்த மேலங்கியும் உதவாது. அதில் இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய் தகப்பன்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து குடும்பத்தின் தலைவிதியைக் கேட்பது நல்ல காரியம் அல்ல.

நாங்கள் லண்டனின் வெளிவட்டத்தில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஆறேழு பேர். எங்களில் ஒருவரும் பல்கலைக்கழகப் படி ஏறியவர்கள் அல்லர். சாதாரண தரப் பரீட்சையோடு சிலருக்கும், அதற்கு முன்னரே இடப்பெயர்வோடு சிலருக்கும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. இரவு இரண்டு மணித் தேநீர் இடைவேளையில் பெட்டிகளிலும் தகரங்களிலும் சுவர்ப் பலகைகளிலும் உள்ள ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டோம். அப்படிப் பிடிபட்டவற்றைப் புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆயுதம்

சொல்லைப் பிரிப்பது எங்களுக்குப் புதிய வித்தை அல்ல. பகுபதம், பகாப்பதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பலருக்கு நினைவிருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் பகுபதத்துக்கு ஆறு உறுப்புகள் சொல்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். ‘வந்தனர்’ என்ற சொல்லைத் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் அறுத்துக் காட்டுவாரே! ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனதும் விகாரம். அடுத்த ‘த்’ இறந்தகாலம் காட்டும் இடைநிலை. ‘அன்’ சாரியை. ‘அர்’ பலரைக் காட்டும் விகுதி. அன்றைக்கு இது எதற்கு என்று அலுத்துக்கொண்ட பாடம், இன்றைக்கு லண்டனில் சோறு போடுகிறது.

ஆங்கிலச் சொல்லும் இப்படித்தான் துண்டு துண்டாகக் கட்டப்பட்டது. ஒரே ஒரு வித்தியாசம். தமிழ், ஒட்டுகளைப் பெரும்பாலும் பகுதிக்குப் பின்னால்தான் சேர்க்கும். ஆங்கிலம் முன்னாலும் சேர்க்கும், பின்னாலும் சேர்க்கும். ஆகவே ஆங்கிலச் சொல்லின் பகுதியை நடுவில் தேட வேண்டும். அது கையில் அகப்பட்டால் பாதிப் பயம் போய்விடும்.

எங்கள் தொழிற்சாலை வாசலில் இருந்தே ஒரு உதாரணம். லத்தீன் மொழியில் ‘மனுஸ்’ என்றால் கை. ‘ஃபக்’ என்ற வேர் செய்தலைக் குறிக்கும். ஃபக்ரறி என்றால் செய்யும் இடம். மனுஃபக்சர் என்றால் கையால் செய்தல். இப்போது எல்லாம் மெசின் செய்தாலும் பெயர் மட்டும் மாறவில்லை. மெயின்ரனன்ஸ் என்ற சொல்லின் தலையிலும் அதே கைதான், பிரெஞ்சு மொழி வழியாக வந்து இருக்கிறது. கையில் பிடித்து வைத்திருத்தல் என்பது அதன் பழைய பொருள். பாரம் தூக்கும் பயிற்சிக்கு மனுவல் ஹான்ட்லிங் என்று பெயர். முதற் சொல்லில் லத்தீன் கை, இரண்டாவது சொல்லில் ஆங்கிலக் கை. இரண்டு கையாலும் தூக்கச் சொல்கிறார்கள் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பகிடி உண்டு.

எங்களுக்கு இட்ட பெயர்கள்

எங்களைக் குறிக்க இந்த நாடு பாவிக்கும் இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்தோம். ஒன்று அசைலம். இது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘அ’ என்றால் இல்லை. ‘சூலே’ என்றால் பிடித்துப் பறிக்கும் உரிமை. ஆக, எவரும் வந்து பிடித்துப் பறிக்க முடியாத இடம் என்பதே அசைலம். இந்த ‘அ’ எங்களுக்குத் தெரிந்த ‘அ’தான். நீதி, அநீதி என்கிறோம்; நியாயம், அநியாயம் என்கிறோம். தமிழுக்கு வடமொழி வழியாக வந்த இந்த ‘அ’வும், கிரேக்கத்தின் ‘அ’வும், லத்தீனின் ‘இன்’னும், ஆங்கிலத்தின் ‘அன்’னும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த சகோதரங்கள் என்று மொழியறிஞர் கண்டிருக்கிறார்கள்.

மற்றது றெஃபியூஜி. ‘ஃபுக்’ என்ற லத்தீன் வேருக்கு ஓடுதல் என்று பொருள். இந்தச் சொல் ஆங்கிலத்தில் நிலைத்ததற்கு லண்டனிலேயே சாட்சி இருக்கிறது. 1685 இல் பிரான்சின் அரசன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தர்களுக்கு இருந்த மதச் சுதந்திரத்தைப் பறித்தான். ஹியூகனோக்கள் எனப்பட்ட அந்த மக்கள் பல்லாயிரக்கணக்கில் கடல் கடந்து இங்கு வந்தார்கள். அவர்களைக் குறிக்கவே றெஃபியூஜி என்ற பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலேயர் பாவிக்கத் தொடங்கினர். கிழக்கு லண்டனில் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பலர் குடியேறிப் பட்டு நெய்தார்கள். அவர்களும் எங்களைப்போலத் தொழிலாளிகள்தான்.

அங்கே பிறிக் லேனில் 1743 இல் அவர்கள் கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அது யூதர்களின் தொழுகைக்கூடம் ஆனது. 1976 இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஆனது. ஒரே கட்டடம், வந்து சேர்ந்த மூன்று சனங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அகதி என்ற சொல்லைக் கேட்டுக் கூசிப்போகும் எங்கள் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிச் சென்று காட்டுங்கள். அந்தச் சொல்லை முதலில் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த நாட்டுச் சனமாகவே கலந்துவிட்டார்கள்.

‘லீவ்’ என்ற சொல்லில் அழுத குடும்பம்

வேரை அறியாததால் வரும் துன்பத்தை நாங்கள் நேரில் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஈஸ்ற்ஹாமில், எங்களில் இருவர் இருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. தாய், தகப்பன், கைக்குழந்தை. ஒரு நாள் காலை இரவு வேலை முடிந்து வந்தபோது மேலே அழுகைச் சத்தம். போய்ப் பார்த்தால் சூட்கேஸ் திறந்து கிடக்கிறது, குழந்தையின் உடுப்புகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

“அண்ணை, எங்களைப் போகச் சொல்லிப்போட்டாங்கள். இஞ்சை பாருங்கோ, லீவ் எண்டு எழுதியிருக்கு” என்று அந்தப் பெண் கடிதத்தை நீட்டினார்.

கடிதத்தில் இருந்தது லீவ் ரு றிமெயின். தங்கியிருக்க அனுமதி! அவர்கள் எத்தனையோ மாதமாகக் காத்திருந்த நல்ல செய்தி அது.

“இல்லைத் தங்கச்சி, இது போற லீவ் இல்லை. பள்ளிக்கூடத்திலை லீவு கேட்டுக் கடிதம் குடுக்கிறனாங்களெல்லோ, அந்த லீவு” என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரச் சில நிமிடங்கள் எடுத்தன. பிறகு அழுகை வேறு விதமாக மாறியது.

உண்மையில் இவை இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படும் இரண்டு வேறு சொற்கள். அனுமதி என்ற பொருள் தரும் லீவ், பழைய ஆங்கிலத்தில் ‘லேயாஃப்’ என்று இருந்தது. நம்புதல் என்ற பொருள்படும் பிலீவ் என்ற சொல்லுக்கும் அது சொந்தம். நாங்கள் ஊரில் வாத்தியாரிடம் கேட்ட லீவு, இப்போது தொழிற்சாலையில் கேட்கும் லீவு எல்லாம் இந்த லீவ்தான். வராமல் நிற்க அனுமதி. விட்டுப் போதல் என்ற லீவ் வேறு வேரிலிருந்து வந்தது. காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து ஒரே உருவமாகிவிட்டன. தமிழில் ‘ஆறு’ என்றால் நதியும் எண்ணும் ஆகிறதல்லவா, அதைப் போல. பக்கத்தில் நிற்கும் சொல்தான் வழிகாட்டி. றிமெயின் என்பதில் ‘மெயின்’ என்ற பகுதி, லத்தீனில் தங்குதல் என்று பொருள்படும் ‘மனேரே’யிலிருந்து வந்தது. நிரந்தரம் என்ற பொருள் தரும் பேர்மனன்ற் என்ற சொல்லின் நடுவிலும் அதே தங்குதல் இருக்கிறது. தங்குவதற்கு அனுமதி கொடுக்கும் கடிதத்தைப் பார்த்து எவரும் சூட்கேஸ் அடுக்கத் தேவையில்லை.

இரண்டு முகம் கொண்ட ‘இன்’

அந்த அனுமதிக்கு முன்னால் இன்டெஃபினிற் என்ற சொல் சேர்ந்தால் இன்னும் நல்லது. இதைப் பிரித்தால் ‘இன்’, ‘டெ’, ‘ஃபின்’. ‘ஃபினிஸ்’ என்றால் லத்தீனில் எல்லை, முடிவு. ஃபினிஷ் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. முன்னால் உள்ள ‘இன்’ இல்லை என்று சொல்கிறது. முடிவுத் தேதி குறிக்கப்படாத அனுமதி என்பது அதன் பொருள்.

இந்த ‘இன்’ அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப உருமாறும். பொசிபிளுக்கு முன் ‘இம்’ ஆகி இம்பொசிபிள். லீகலுக்கு முன் ‘இல்’ ஆகி இல்லீகல். றெகுலருக்கு முன் ‘இர்’ ஆகி இறெகுலர். மரமும் ‘கள்’ளும் சேர்ந்தால் மரங்கள் ஆவது எப்படியோ அப்படித்தான் இதுவும். எங்கள் புணர்ச்சி விதியை அறிந்தவருக்கு இது புதினம் அல்ல.

ஆனால் கவனம். ‘இன்’னுக்கு இன்னொரு முகம் உண்டு. சில சொற்களில் அது இல்லை என்று சொல்லாது, உள்ளே என்று சொல்லும். இமிக்கிறேஷன் என்றால் உள்ளே வந்து குடியேறல். எமிக்கிறேஷன் என்றால் வெளியேறிப் போதல். முன்னால் உள்ள ஒரு எழுத்துத்தான் வருகிறவனையும் போகிறவனையும் பிரிக்கிறது.

இந்த இரண்டாவது முகத்தால் உயிருக்கே ஆபத்து வரும் ஒரு சொல் இருக்கிறது: இன்ஃபிளமபிள். எங்களோடு வேலை செய்த ஒரு தம்பி, கெட்டிக்காரன், ஆங்கிலச் சொற்களைப் பிரிக்கப் பழகிக்கொண்டிருந்தான். துப்புரவுத் திரவம் இருந்த ஒரு பழைய தகரத்தில் இந்தச் சொல்லைக் கண்டான். ஃபிளேம் என்றால் தீச்சுவாலை, இன் என்றால் இல்லை, ஆகவே தீப்பற்றாது என்று கணக்குப் போட்டு, பெட்டிகளுக்குப் பிளாஸ்ரிக் சுற்றிச் சூடாக்கும் மெசினுக்குப் பக்கத்தில் தகரத்தை வைத்துவிட்டான். மேற்பார்வை செய்யும் பெண் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சத்தம் போட்ட விதத்தில்தான் ஆபத்தின் அளவு எங்களுக்கு விளங்கியது.

அந்தச் சொல்லில் உள்ள ‘இன்’ இல்லை என்று சொல்லவில்லை. தீக்குள் இடுதல், தீ மூட்டுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து அது வந்தது. ஆகவே இன்ஃபிளமபிள் என்றாலும் தீப்பற்றும். ஃபிளமபிள் என்றாலும் தீப்பற்றும். தீப்பற்றாது என்பதற்கு நொன்ஃபிளமபிள் என்றுதான் எழுதுவார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே எச்சரிக்கைப் பலகைகளில் ‘இன்’ இல்லாமல் எழுதுவதை இப்போது விரும்புகிறார்கள். ஆயினும் பழைய தகரங்களிலும் பலகைகளிலும் பழைய சொல் இன்னும் இருக்கிறது. சிவப்புக் கரையுள்ள சாய்சதுரத்துக்குள் கறுப்புத் தீச்சுவாலை வரைந்திருந்தால் சொல்லைப் பிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். தூரத்தில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நோர்வேயிலிருந்து ஒரு பாடம்

எங்களில் ஒருவரின் தமக்கையார் நோர்வேயில் இருக்கிறார். 1956 இல் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் அங்கு சென்று எங்கள் ஆட்களுக்கு வழி திறந்தார். பின்னர் 1980களில் பலர் அங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவராகச் சென்றார்கள். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களும் பலர்.

அந்த அக்காவிடம் தொலைபேசியில் இந்தத் தகரத்தின் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். நோர்வேயில் அப்படி எழுதினால் ஒருவரும் ஏமாறமாட்டார்கள் என்றார். அங்கே அந்தச் சொல் ‘பிறான்ஃபார்லி’. ‘பிறான்’ நெருப்பு, ‘ஃபார்லி’ ஆபத்தானது. நோர்வேஜிய மொழி, பெரிய சொல்லைத் தன் வீட்டுச் சிறு சொற்களைக் கொண்டே கட்டுகிறது. ஆஸ்பத்திரி ‘சீக்கெஹூஸ்’: சீக்கு வீடு. எங்கள் ‘சீக்கு’க்கும் ஆங்கிலச் சிக்குக்கும் அது எவ்வளவு கிட்ட இருக்கிறது பாருங்கள். பாலர் பாடசாலை ‘பார்னெஹாகெ’: குழந்தைத் தோட்டம். தூசி உறிஞ்சும் மெசின் அங்கே ‘ஸ்தோவ்சூகர்’: தூசி உறிஞ்சி.

அந்த நாட்டு வதிவிட அனுமதிக்குப் பெயர் ‘ஒப்ஹோல்ட்ஸ்தில்லாதெல்ஸெ’. கேட்டால் தலை சுற்றும். அக்கா அதை எங்களுக்குப் பிரித்துக் காட்டினார். ‘ஒப்ஹோல்ட்’ தங்குதல், ‘தில்லாதெல்ஸெ’ அனுமதி. நடுவில் தனியாக நிற்கும் ‘ஸ்’ ஒரு பொருளும் தராது. இரண்டையும் பொருத்தும் பசை மட்டுமே. ‘அட, இது எங்கள் சாரியை அல்லவா’ என்றோம். மரக்கிளை என்று சும்மா சேர்க்கிறோம். மரத்துக்கிளை என்னும்போது ‘அத்து’ வந்து நிற்கிறது. அதே வேலையைத்தான் அங்கே ‘ஸ்’ செய்கிறது. லண்டனில் மூன்று சொல்லாக வரும் அனுமதி, ஒஸ்லோவில் ஒரே சொல்லாக வருகிறது. பிரித்தால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன.

நோர்வேக்காரரின் முன்னோரான வைக்கிங்குகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் வந்து குடியேறினார்கள். தங்கள் சொற்களையும் விட்டுச் சென்றார்கள். ஜன்னலுக்கு ஆங்கிலத்தில் விண்டோ என்பது அவர்களின் ‘காற்றுக் கண்’. ஹஸ்பன்ட் என்பது ‘வீட்டில் குடியிருக்கும் உடையவன்’. எங்கள் மொழி இல்லாள் என்று வீட்டை மனைவியிடம் கொடுத்தது. அவர்கள் மொழி கணவனிடம் கொடுத்தது. யார் சரி என்பதை அவரவர் குசினியில் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் நைஃப் என்று சொல்லும் கத்திக்கு முன்னால் ஏன் சும்மா ஒரு ‘கே’ எழுத்து என்று பிள்ளைகள் கேட்பார்கள். நோர்வேயில் இன்றும் ‘க்னீவ்’ என்று அந்தக் ‘க’வைச் சேர்த்தே சொல்கிறார்கள். முன்னர் இங்கிலாந்திலும் அப்படித்தான் சொன்னார்கள். வாய் மறந்துவிட்டது, எழுத்து மறக்கவில்லை.

அசை பிரித்தல்

வேர் தெரிந்தாலும் வாயில் வர வேண்டுமே. தமிழில் ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்தையும் ஒரே பலத்தோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி அல்ல. ஒரு சொல்லில் ஒரு அசையை அழுத்தி, மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். நாங்கள் எல்லாவற்றையும் சமமாகச் சொல்வதால்தான் சரியான சொல்லைச் சொன்னாலும் அவர்கள் “சொறி?” என்கிறார்கள். நாடிக்குக் கீழே கையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். நாடி எத்தனை தரம் இறங்குகிறதோ அத்தனை அசை. இன், டெ, ஃபி, னிற் என்று நான்கு, பலம் ‘டெ’யில். கம்ஃபோர்ட்டபிள் என்று எழுத்தில் நான்கு போல இருந்தாலும் பலர் வாயில் கம்ஃப், ர, பிள் என்று மூன்றுதான்.

இந்த நாட்டு ஊர்ப் பெயர்களும் இப்படித்தான் தேய்ந்தன. எழுத்தில் லெய்செஸ்ரர் என்று இருப்பது வாயில் லெஸ்ரர். அதன் வாலில் இருக்கும் ‘செஸ்ரர்’ உரோமரின் படைமுகாமைக் குறிக்கும் பழைய சொல். ஸ்ராற்ஃபோர்ட் என்றால் வீதி, ஆற்றைக் கடக்கும் துறை. ஒக்ஸ்ஃபோர்ட் என்றால் எருதுகள் கடக்கும் துறை. எங்களுக்கு ஆனையிறவு, அவர்களுக்கு எருதிறவு! வெம்பிளி என்றால் வெம்பா என்பவனின் காடு வெட்டிய நிலம். பருத்தித்துறைக்கும் கிளிநொச்சிக்கும் பொருள் தெரிந்த எங்களுக்கு இதெல்லாம் அந்நியமாகப் படவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பெயர்களும் அவர்களுக்கு நீண்ட சொற்களே. டொக்ரரிடம் போனால் வரவேற்பில் இருப்பவர் பெயரைப் பார்த்துத் தடுமாறுவார். உடனே எங்கள் ஆட்கள் “ஞானி என்று கூப்பிட்டால் போதும்” என்று பெயரைக் குறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். குறுக்காதீர்கள், பிரித்துக் கொடுங்கள். ஞா, ன, சே, க, ரம் என்று ஒரு தரம் மெதுவாகச் சொன்னால் அவர்களும் சொல்வார்கள். ஒக்ஸ்ஃபோர்ட்டை நாங்கள் படிக்கலாம் என்றால் ஞானசேகரத்தை அவர்கள் படிக்கலாம். பெற்றோர் முழுதாக வைத்த பெயரைப் பிள்ளை அரைவாசியாகச் சுமக்கக் கூடாது.

புதிதாக வந்தவர்களுக்கு

ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். முன்னொட்டை விரலால் மறையுங்கள், பின்னொட்டை மறையுங்கள், நடுவில் இருப்பதை எழுதுங்கள். அதே பகுதி வேறு எந்தச் சொல்லில் வருகிறது என்று தேடுங்கள். ‘ஸ்கிறிப்ற்’ என்றால் எழுத்து என்று தெரிந்தால் டொக்ரர் தரும் பிறிஸ்கிறிப்ஷனும் பொருட்களின் டிஸ்கிறிப்ஷனும் கையெழுத்துப் பிரதியான மனுஸ்கிறிப்ற்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று விளங்கும்.

ஆனால் வேரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தத் தகரத்தின் கதை உங்களுக்குப் போதும். வழக்கு, வதிவிடம் சம்பந்தமான கடிதம் என்றால் தகுதியுள்ள சட்டத்தரணியிடம் காட்டுங்கள். மருந்து என்றால் மருந்துக்கடைக்காரரைக் கேளுங்கள். சொல்லைப் பிரிக்கத் தெரிவது நிபுணர் ஆவதற்கு அல்ல; சரியான கேள்வியைக் கேட்பதற்கும், பதற்றமில்லாமல் ஒரு உறையைத் திறப்பதற்கும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் பகுதி, விகுதி படிக்கச் சலித்துக்கொண்டால், அதே மேசையில் அவர்களின் ஆங்கிலக் கொப்பியையும் விரித்து வைத்து ஒரு சொல்லை அறுத்துக் காட்டுங்கள். அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வெறுங்கையோடு வரவில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.